மார்கழியில் தவறிய மஞ்சள் பிளேட்

வண்டிக்கு நம்பர் வாங்கித் தருவதுதான் என் பிழைப்பு. வண்டி ஓடுமா என்பது மெக்கானிக் பாடு, அது எந்த வருஷம் பிறந்தது என்பது என் பாடு.

அமெரிக்காவில், மில்பிடாஸ் என்கிற ஊரில், இந்திய மளிகைக் கடைக்கும் தோசைக் கடைக்கும் நடுவே ஒரு சின்ன ரெஜிஸ்ட்ரேஷன் கடை. ரோசா என்கிற மெக்ஸிகோக்காரம்மா முதலாளி, நான் கவுண்டர். மோட்டார் ஆபீஸ் வரிசையில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று, ஜன்னலுக்குப் போனதும் "இன்னொரு ஃபாரம் வேணுமே" என்று சொல்லக் கேட்டுத் திரும்பி வந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஜாதி. உங்களுக்குப் பதிலாகப் போய் நிற்பதற்குத்தான் என்னை மாதிரி ஆட்கள் இருக்கிறோம்.

எட்டு ஆகாது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோயமுத்தூர்த் தம்பி வந்தான். கல்யாணமாகி மூன்றே மாதம். புது வேனுக்கு வந்த நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். பெண்டாட்டி வண்டியில் ஏறமாட்டேன் என்று கார் பார்க்கிங்கில் நின்று அழுதுகொண்டிருந்தது. நான் பொள்ளாச்சிக்காரி, எனக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. பழைய பிளேட்டை ஒப்படைத்து, புதுசுக்கு விண்ணப்பம் போட்டு, ஆறு வரும்படி வந்ததைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து நல்ல நேரம், நல்ல நம்பர் பார்த்துச் செய்கிற ஒரே ரெஜிஸ்ட்ரேஷன்காரி என்று எனக்கு ஒரு பேர். தலைகால் புரியாத பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரோசா மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சரி, அந்த எட்டு இப்போ யார் தலையில விழும்?"

ஹெட்மாஸ்டர் போட்ட தேதி

2005 டிசம்பரில் காதர் அங்கிள் வந்தார். கீழக்கரைக்காரர். இங்கே ஒரு டிஸ்க் டிரைவ் ஃபேக்டரியில் டெஸ்ட் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு ஆல்பத்தைக் கவுண்டரில் விரித்தார். உள்ளே கல்யாணம் இல்லை, கார். கூரையில்லாத இரண்டு சீட் வெள்ளிக் கலர் கார், அசல் 1957-ஆம் வருஷத்து ஐரோப்பிய வண்டி மாதிரியே. ஆனால் அசல் இல்லை. உடம்பு பெட்டியில் வந்த ஃபைபர். அடிச்சட்டம் ஒரு பழைய ஜெர்மன் காரிலிருந்து கழற்றியது. அவர் மனைவி மெஹர் ஆன்ட்டியும் அவருமாக நாலு வருஷம் கராஜில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கியிருக்கிறார்கள்.

ஆல்பத்துக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு ஜோடி பிளேட் வைத்திருந்தார். மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து, 1957-இல் இந்த ஸ்டேட் கொடுத்த அசல் பிளேட். ஆன்ட்டி சான் ஓசே சந்தையில் தேடிப்பிடித்து அவருக்குக் கொடுத்த பரிசாம். வண்டியில் அதைத்தான் மாட்ட வேண்டும். அதற்கு வண்டி 1957-ஆம் வருஷத்துத் தோற்றம் என்று ஸ்டேட் எழுதித் தர வேண்டும். நிறையப் பேர் அடிச்சட்டத்தின் வருஷத்தையே எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள், சுலபம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. பொய் வருஷம் வேண்டாம், இன்னது இன்ன மாதிரி செய்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும் என்றார்.

ஜெராக்ஸுக்கு லைசென்ஸை வாங்கினேன். பிறந்த தேதி ஜூன் ஒன்று. சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் ஜூன் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டது. அங்கிளும் சிரித்தார். அவர் உம்மா கணக்குப்படி ரமலான் பதினாலாம் பிறையில் பிறந்தவர், இங்கிலீஷ் மாசத்துக்கு அக்டோபர். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். இரண்டு கண்ணிலும் பிரஷர், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. லைசென்ஸ் பிறந்த நாளன்று முடியும், 2007 ஜூன் ஒன்று. அடுத்த கண் டெஸ்ட்டில் தேறமாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதற்குள் ஆன்ட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடலோர ரோட்டில் இந்த வண்டியை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கிளம்பும்போது சொன்னார்: "என் கணக்குல நாலு மாசத்த ஹெட்மாஸ்டர் முழுங்கிட்டாரும்மா. வண்டிக்காவது சரியா எழுதிக் குடு."

தை பிறந்தால்

இனி என் வண்டவாளம். இந்த மாதிரிக் கட்டிய வண்டிகளில் வருஷத்துக்கு ஐந்நூறுக்குத்தான், எந்த வருஷத்து வண்டி மாதிரி இருக்கிறதோ அந்த வருஷத்தைக் கொடுப்பார்கள். ஜனவரி முதல் வேலை நாளில் கதவு திறந்ததும் வரிசை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? "மார்கழியில நல்ல காரியம் ஆரம்பிக்க வேண்டாமுங்க அங்கிள், பொங்கல் முடிஞ்சதும் போட்டுரலாம்" என்றேன். நாலு வருஷம் உழைத்துக் கட்டின வண்டிக்குக் கெட்ட மாசத்தில் பேப்பர் போடுவதா என்று எனக்கு அக்கறை. ஐந்நூறு கிறுக்கர்கள் எங்கிருந்து வரப்போகிறார்கள் என்று அலட்சியமும்தான். அவருக்கு ஏது மார்கழி? ஆனாலும் என் வழக்கத்தை மதித்து, ஆகட்டும் என்று எழுந்து போனார்.

மாட்டுப் பொங்கல் கழித்து, டப்பாவில் சர்க்கரைப் பொங்கலும் கையில் ஃபைலுமாக மோட்டார் ஆபீஸுக்குப் போனேன். ஐந்நூறும் எப்போதோ முடிந்துவிட்டது, அடுத்த ஜனவரி வாருங்கள் என்றார்கள். அடுத்த ஜனவரிக்கு ஒரு முழு வருஷம். அந்த மனுஷனின் கண்ணில் ஒரு வருஷம். காருக்குள் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். போனில் சொல்ல வாய் வராமல் நேரே வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி டீ கொண்டுவந்து வைத்தார். திட்டுவார்கள், திட்டினால் நிம்மதி என்று காத்திருந்தேன்.

அங்கிள் டீயை முடித்துவிட்டுச் சொன்னார்: "சீட்டு இன்னும் தைக்கலம்மா. தைக்க டைம் கிடைச்சுதுன்னு வெச்சுக்கலாம்."

மார்கழிக் குளிர்

அடுத்த ஜனவரியில் விடியும் முன்பே போய் நின்றுவிட்டேன். பொள்ளாச்சியில் மார்கழி மாசம் கோலம் போடக்கூட நான் அந்த நேரத்துக்கு எழுந்ததில்லை. எனக்கு முன்னால் நரைத்த தாடிகளாக ஒரு இருபது அமெரிக்கர்கள், எல்லாரும் கராஜில் கார் கட்டுகிற கோஷ்டி. கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி அங்கிளின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வழக்கமாக அங்கிள்தான் முன்னால் நடப்பார்.

ஆன்ட்டி இறால் வைத்த வாடா, அதாவது அவர்கள் ஊர் வடை, சுட்டு எடுத்து வந்திருந்தார். வரிசை முழுக்கப் போணி ஆகிவிட்டது. ஒரு தாடித் தாத்தா இரண்டு சாப்பிட்டுவிட்டு, உங்கள் வண்டியைவிட இதற்குத்தான் முதலில் நம்பர் கொடுக்க வேண்டும் என்றார். ஒருவழியாகக் கவுண்டர் வந்தது. ஸ்டேட் முழுக்க எல்லா ஆபீஸுக்கும் சேர்த்துத்தான் அந்த ஐந்நூறு, எங்கள் முறை வருவதற்குள் நம்பர் அத்தனை ஏறியிருந்தது. எங்கள் துண்டுச் சீட்டில் 413. வாங்கும்போதே மனசு கூட்டிப் பார்த்துவிட்டது, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கோயமுத்தூர்த் தம்பி கதையை ஒரு நாள் இவர்களிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அங்கிள் சீட்டைக் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "கூட்டினா எட்டு வருதேம்மா. திருப்பிக் குடுத்துரலாமா?"

மஞ்சள் பிளேட்

பிறகு அலைச்சலோ அலைச்சல். பிரேக்குக்கும் விளக்குக்கும் ஒரு இடத்தில் சர்ட்டிஃபிகேட், அடிச்சட்டத்து நம்பரைப் போலீஸ் பார்க்க ஒரு நாள், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து 1957 மாதிரிதான் என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட ஒரு நாள். அந்த மஞ்சள் பிளேட்டின் நம்பரை வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்று உறுதியாகி, ரெஜிஸ்ட்ரேஷன் கார்டும் ஸ்டிக்கரும் என் கைக்கு வந்தபோது மே மாசக் கடைசி வாரம். லைசென்ஸ் முடிய ஐந்து நாள். தபாலை நம்பாமல் நானே கொண்டு ஓடினேன்.

கராஜில் ஸ்க்ரூடிரைவரோடு தயாராக இருந்தார். துளை எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் பிளேட்டை முடுக்கினார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நேரமாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் உதவிக்குப் போகாமல் நின்றோம். முடிந்ததும் சாவியை எடுத்து ஆன்ட்டியிடம் நீட்டினார். எனக்குப் புரியவில்லை. அங்கிள் மார்ச்சிலேயே வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் ஓரமாக வருவது தெரியவில்லை, லைசென்ஸில் தேதி இருக்கிறதென்று ஓட்டிவிட முடியுமா என்றார். என் மார்கழி அவருக்கு ஸ்டியரிங்கையே இல்லாமல் செய்துவிட்டதே என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஆன்ட்டி இருபது வருஷமாக ஆட்டோமேட்டிக் தவிர எதையும் தொட்டதில்லை. போன வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில், காலியாகக் கிடந்த ஒரு ஃபேக்டரி பார்க்கிங்கில், பழைய பிக்கப் ஒன்றை வைத்து அங்கிள் அவருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆன்ட்டி ஏறி உட்கார்ந்தார். இரண்டு தரம் குலுங்கி அணைந்து, மூன்றாம் தரம் வண்டி பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் அங்கிள் முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, கியர் மாற்ற வேண்டிய நேரத்தைக் காதாலேயே கேட்டுச் சொன்னார்.

தெரு முனையில் நிறுத்தச் சொல்லி அங்கிள் என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். "அன்னைக்கே நம்பர் கிடைச்சிருந்தா ஒரு வருஷம் நான் ஓட்டிட்டு, கண்ணு போனதும் வித்திருப்பேம்மா. நீ தாமதம் பண்ணினதாலதான் இவ கத்துக்கிட்டா. இனிமே இவ கண்ணு இருக்கிற வரைக்கும் எனக்கு வண்டி ஓடும்."

என் மனசு ஆறட்டும் என்று சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ தெரியாது, அன்றிலிருந்து மார்கழி, அஷ்டமி, எட்டாம் நம்பர் எதையும் பார்க்காமல், வந்தவர்களை உட்காரச் சொல்லும் முன்பே ஃபாரத்தை நீட்டிவிடுகிறேன்.