நாற்பத்தொரு சும்மா

என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் நாற்பத்தொரு தடவையும் "சும்மா" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். மடத்தனம்தான்.

எண்பதுகளின் கடைசி. காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் புரொபேஷனில் இருந்தேன். கன்ஃபர்ம் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அண்ணன் வீட்டில், அண்ணி போடும் சோற்றுக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புரோகிராம்களின் பழைய வடிவங்களைப் பத்திரமாக வைக்கும் மென்பொருள் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. திருத்தியதைத் திருப்பிப் போடும்போதெல்லாம் காரணம் கேட்கும். கற்றுக்கொடுத்தவர் செக்‌ஷன் சீனியர், கும்பகோணத்துக்காரர். "ஏதாவது அடிச்சு விடும்மா. எவன் படிக்கப் போறான்?" என்றார். அவ்வளவுதான் டிரெயினிங்.

ஒரு நாள், முந்தின வாரம் வரை சரியாக ஓடிய புரோகிராம் சோதனையில் படுத்துவிட்டது. எந்தத் திருத்தத்தில் கெட்டது என்று பார்க்க, தெலுங்குக்கார மேனேஜர் திருத்தங்களும் காரணங்களும் அடங்கிய பட்டியலை அச்செடுக்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யே சும்மா கோன் ஹை? கேட் பாஸ் கிதர் ஹை உஸ்கா?"

யார் இந்தச் சும்மா, அவனுடைய கேட் பாஸ் எங்கே என்கிறார். எவனோ வெளி ஆள் புகுந்து புரோகிராமைத் தொட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சீனியர் முந்திக்கொண்டார். "ஆத்மி நை சார், தமிழ் லஃப்ஸ். மத்லப், ஐசேச்."

ஆளில்லை, தமிழ் வார்த்தை, காரணமே இல்லாமல் என்று அர்த்தம். அறையில் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. என்னை நிற்கவைத்து நாற்பத்தொன்றையும் சத்தமாக வாசித்தார். "சும்மா. சும்மா. சும்மா." நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். சாயங்காலம் டீ கொண்டுவந்தவன், "சும்மா மேடம், சாய்?" என்றான்.

ஒவ்வொரு வடிவமாக ஓட்டிப் பார்த்து நாலு நாளில் தப்பைக் கண்டுபிடித்தேன். இருபத்தேழாவது சும்மா. ஒரு கழித்தல் குறி. ஆனாலும் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டி ஆர்டர் வந்தது. சிபாரிசு செய்தவர் சீனியர்.

"நீங்கதானே சார் ஏதாவது அடின்னு சொன்னீங்க?"

"எழுத்துல இருக்கா?" என்றார், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

இல்லை. அந்த ஆளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய குவார்ட்டர்ஸில் வேறொருவன் பால் காய்ச்சினான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா புடவைகளை மடித்துப் பையில் வைத்துத் தயாராக இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்குடி நீட்டிட்டா?"

அவளிடம் எதை விளக்குவது? "சும்மாதாம்மா."

"சும்மா யாராவது நீட்டுவாளா? நீ என்னவோ பண்ணியிருக்கே."

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"அப்போ இன்னும் ஆறு மாசத்துக்கு அரிசி சேர்த்துக் களையணுமா?"

அம்மா பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.