இட்லித் தட்டில் ஸ்க்ரூ

ஆபீஸில் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து, தேறுமா என்று பார்க்க ஜனக்புரி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திறந்தேன். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு நீளம். இடம் மாறிவிடக் கூடாதே என்று இட்லித் தட்டுகளில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டுவைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. இன்னொரு ரேம் போட இடம் காலியாக இருந்தது. வாங்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தால், தட்டுகளைக் காணோம்.

சமையலறையில் மனைவி மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஸ்க்ரூ எல்லாம் எங்கே?” என்று அலறினேன்.

“அச்சா, அதுவா? பத்திரமா ஒரே டம்ளர்ல கொட்டி வச்சிருக்கேன்” என்று குலுக்கிக் காட்டினாள்.

மேஜைக்குத் திரும்பி வந்து, பட்டியலில் பேட்டரிக்கும் ரேமுக்கும் மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்: இட்லித் தட்டு, எனக்கென்று தனியாக.