பசை போட்டு ஒட்டிய பல்

பல்லை அடைத்திருந்த ஃபில்லிங் பெயர்ந்து விழுந்தபோது எனக்கு வலிக்கவே இல்லை. என்னை ஏமாற்றியது அதுதான்.

புதன்கிழமை காலை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். மலைமேல் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை நான். கல் கடிபட்டதென்று கையில் துப்பினேன். கல் இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் நான்கு வருடங்களுக்கு முன் அடைத்தது, முழுசாக வந்திருந்தது.

சனிக்கிழமை பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனால் நாக்கு அந்தக் குழியையே தேடிப் போனது. சோறு சிக்கியது. மறுநாள் மதிய இடைவேளையில், வகுப்பறை அட்டைகளை ஒட்ட வைத்திருந்த பசையை ஒரு சொட்டு விட்டு, அந்தத் துண்டைப் பல்லிலேயே அழுத்தி ஒட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை.

சனிக்கிழமை வலி தெறித்தது. கிராம்புத் தைலம், மருந்துக் கடை மாத்திரை. கொஞ்சம் அடங்கியதும் மருத்துவரிடம் போகவில்லை. ஞாயிறன்று தாடைக்கு அடியில் கட்டைபோல வீங்கியது. திங்கள் காலை நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தது.

என் கணவர் முருகேசன் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தண்ணி எடுத்துக்கினு போங்க" என்றேன். சட்டென்று திரும்பினார்.

"இன்னா ஆச்சு உன் கொரலுக்கு? வாய்ல சோத்த வச்சிக்கினு பேசற மாதிரி இருக்கு."

கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். இளம் மருத்துவர் ஒருவர் என்னைப் படுக்கச் சொன்னார். படுத்ததும் மூச்சு அடைத்தது. திணறி எழுந்து உட்கார்ந்தேன். அவர் முகம் மாறியது.

"பல்லு வலிதாங்க டாக்டர்" என்றார் கணவர்.

"பல்லுலதாங்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப கழுத்துக்குள்ள எறங்கிடுச்சு. மூச்சுப் பாதைய அடச்சிடும். உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"பல்லுக்கா?" என்றார். யாரையும் பார்க்காமல் இன்னொரு முறை, "பல்லுக்கா?"

லுட்விக் ஆஞ்சைனா (தாடைக்கு அடியிலும் நாக்குக்குக் கீழும் வேகமாகப் பரவும் சீழ்த்தொற்று) என்று சீட்டில் எழுதினார்கள். நான் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுக்கான குழாயை இறக்கினார்கள். பிறகு மயக்க மருந்து. தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடித்தார்கள். பல்லையும் எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது குழாய் இன்னும் இருந்ததால் பேச்சு வரவில்லை. தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, "பசை போட்டு ஒட்டினேன்" என்று எழுதி மருத்துவரிடம் நீட்டினேன். அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தொற்று உள்ளயே இருந்திருக்கும்மா. நீங்க மேல மூடி வச்சிட்டீங்க" என்றார்.

கணவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்று மட்டும் சொல்லி, என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஃபில்லிங் விழுந்திருந்தால், வெதுவெதுப்பான உப்புநீரில் வாயைக் கொப்பளியுங்கள். விழுந்த துண்டைத் தாளில் மடித்து எடுத்துப் போங்கள். அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். வீட்டுப் பசை எதுவும் வேண்டாம், மாத்திரையைக் குழியில் வைக்கவும் வேண்டாம். வலிக்காவிட்டாலும் ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பாருங்கள். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே. வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால், அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தாடைக்குக் கீழே தழும்பு இருக்கிறது. அதைத் தொடும்போது இன்னும் நம்ப முடியவில்லை. மிட்டாய் தின்ற காலைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே ஐந்தே நாள்.

மறுபடி பள்ளிக்குப் போகிறேன். பாடத்தில் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துகிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எச்சிலை விழுங்குகிறேன். அது இறங்குகிறது. பிறகுதான் அடுத்த வரி.