தட்டு எடுத்துப் போய் அணி சேர்த்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிற இந்த நாளில், வேலையை விட்டு வந்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரில் எழுதச் சொன்ன அக்காவின் கணவர், எங்கள் மாமா, கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார். "பந்து வெளையாட்டப் பத்தி ரொம்ப எழுதிடாதப்பா, சொந்தக்காரங்க படிச்சிட்டு சிரிப்பாங்க" என்றார். மாமாவின் பேச்சை நான் இதுவரை மீறியதில்லை. ஆனால் பந்தை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அக்காவும் அதைச் சொல்லிச் சிரித்தவர்தான்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பாவுக்கு மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார். மழை ஏமாற்றிய வருடங்களில் அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போதெல்லாம் எனக்குச் சோறாக்கிப் போட்டு, தலை வாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். அவரே அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். நான் அந்தப் பேச்சை எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். மாமாவுக்கு முதுகுவலி வந்த பிறகு மில்லை நடத்தியதும் அக்காதான். கேழ்வரகும் மிளகாயும் அரைக்க வருகிற பெண்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை, யார் வீட்டில் மருமகள் பேசுவதில்லை என்பதுவரை தெரியும், வெளியே சொல்லமாட்டார். பிள்ளை இல்லாத குறைக்குத்தான் பள்ளிப் பெண்களின் கால்பந்து அணியைப் பிடித்துக்கொண்டார் என்று யாரோ பேசியதாகக் கேள்விப்பட்டேன். அக்காவுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் கிரிக்கெட் பைத்தியங்கள்.

மில்லுக்குப் பின்னால்தான் பள்ளி மைதானம். கரண்ட் போன ஒரு சாயங்காலம், அரைக்க முடியாமல் காற்றுக்காக வெளியே வந்த அக்கா அங்கே பெண்கள் பந்து விளையாடுவதைப் பார்த்தார். கரண்ட் வந்தும் அவர் உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து அந்த அணி ஆடுகிற நாளில் மில் திறக்காது. மாமா சலித்துக்கொள்வார். அக்காவுக்குப் பக்கத்துத் தெருவுக்கே என்னோடு குடிவந்துவிட்ட எங்கள் அம்மா நேராகவே திட்டுவார். "மில்லச் சாத்திட்டுப் பொட்டப் புள்ளைங்க பந்து ஒதைக்கறதப் பாக்கப் போறியே, உனக்கே இது நல்லாருக்குதா?" என்பார். "நல்லாத்தாம்மா இருக்குது, நீயும் ஒரு நாளு வா" என்பார் அக்கா. அக்கா இருந்தவரை அம்மா போனதே இல்லை.

நான் கல்லூரி அணியில் ஆடியவன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அக்காவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன், தட்டில் சில்லறையை வைத்துக்கூடக் காட்டியிருக்கிறேன். கடைசிவரை அவருக்கு அது பிடிபடவில்லை. "கொடி புடிக்கற தம்பிக்கு நம்ம ஊரு மேல கோவம்" என்பதுதான் அவருடைய தீர்ப்பு. பார்வையாளர்கள் எல்லோரும் கோல் பக்கம் நிற்கும்போது அவர் மட்டும் மூலைக்கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். உட்காரமாட்டார். நான் ஒருமுறை நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அதில் பிள்ளைகளின் பைகளை அடுக்கி வைத்துவிட்டார்.

அந்த அணி வருடா வருடம் ஜெயித்தது. மாவட்டக் கோப்பை எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையிலேயே குடியிருந்தது என்று சொல்லலாம். பணக்காரப் பள்ளிகளெல்லாம் வெளியூர் பயிற்சியாளரை வைத்துப் பார்த்தன, நடக்கவில்லை. அந்த வெற்றியின் காரணத்தை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அதில் பெரிய ஆட்டக்காரி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பெண், தான் நின்ற இடத்தில் அடுத்து நிற்கப்போகிற சின்னப் பெண்ணைக் கூடவே வைத்துக்கொண்டு அந்த ஆண்டு முழுக்க ஓடுவாள். ஒருத்தி போனால் இன்னொருத்தி அங்கே தயாராக நிற்பாள். கோல் வாங்கினால் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள், கோல்கீப்பரின் முதுகில் தட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அக்காவுக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போனதற்கு நடந்த சண்டையை நினைவுபடுத்தி, "அந்தப் புள்ளைங்ககிட்ட நாம கத்துக்கணும்டா" என்பார். சம்பந்தப்பட்டவர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு ஒரு கோடையில் எல்லாம் கலைந்தது. கோப்பை வாங்கி வந்த அதே அணியில் சிலருக்குக் கல்யாணமாயிற்று, சிலர் சேலத்துக்கு நர்சிங் படிக்கப் போனார்கள், மற்றவர்கள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பி.டி. ஆசிரியருக்கும் மாறுதல் வந்தது. கூடவே ஓடப் பழக வேண்டிய சின்னப் பெண்களை, பெரியவர்களே இல்லாத மைதானத்துக்கு எதற்கு அனுப்புவது என்று வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆள் கணக்குக்கு இறங்கிய அணி, எண்ண மனம் வராத அளவுக்குக் கோல் வாங்கியது. இடைவேளையிலேயே ஊர்க்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். அக்கா வரவில்லை. சாயங்காலம் நான் மில்லுக்குப் போனபோது அவர் முகம் அழுது வீங்கியிருந்தது.

"தோத்ததுக்கு இல்லடா. பந்து அந்தப் பக்கம் போச்சுன்னா எடுக்கறதுக்கு அங்க ஆளே இல்ல. வெறும் எடமா இருக்குது" என்றார்.

பழைய அணியில் ஆடிய கவிதா, கல்யாணமாகி அதே ஊரில் இருந்தார். படிப்பு முடித்தவர்களும் ஆடுகிற மாதிரி ஊர் அணியாகவே நடத்தலாம், நான் பயிற்சி கொடுக்கிறேன், பெண்களை மட்டும் யாராவது சேர்த்துக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். அக்கா ஒப்புக்கொண்டார். முதலில் போனது டிராக்டர் ஓட்டுகிற ஒருவரின் வீட்டுக்கு. அவர் மகள் பவித்ரா நல்ல உயரம், கோலில் நிற்கத் தோதானவள். ஒருவர் வீட்டுக்கு ஒன்றைக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்பது அக்காவின் கட்சி. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, வாழைப்பழம் எல்லாம் வைத்து ஒரு தட்டு எடுத்துக்கொண்டார். பட்டுப் புடவை கட்டினார். ஆம்பளை ஒருவர் வேண்டும் என்று என்னையும் வேட்டி கட்டச் சொல்லி, கவிதாவோடு அழைத்துப் போனார். நாளும் நல்ல நாள், புதன்கிழமை.

தட்டோடு வாசலில் நின்ற எங்களைப் பார்த்ததும் அந்த வீடு பரபரப்பானது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. காப்பி கலக்கிற சத்தம் கேட்டது. பவித்ராவை உள்ளே அழைத்துப் போய்ப் புடவை கட்டிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"மாப்ள என்னங்க பண்றாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கவிதாவைப் பார்த்தேன்.

"மாப்ள யாரும் இல்லைங்க. பாப்பா கோல்ல நிக்கணும்ங்க, அதுக்குத்தான் வந்தோம்" என்றார் அக்கா.

உள்ளே முதலில் சிரித்தது பவித்ராதான். அப்புறம் அவள் அம்மா சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"தட்டோட வந்துட்டீங்க. திருப்பி அனுப்பறது எங்க வூட்டு வழக்கம் இல்லைங்க. பன்னண்டாவது முடியற வரைக்கும் ஆடட்டும். அதுக்கு மேல என்னக் கேக்கக் கூடாது" என்றார்.

ஊருக்குள் விஷயம் பரவியது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டை எதிர்பார்த்தார்கள். அந்த வீட்டுத் தட்டில் மாதுளை இருந்ததாமே, எங்களுக்கு வெறும் வாழைப்பழமா என்று ஒரு தாய் குறைப்பட்டார். அக்கா மறுநாளே மாதுளை கொண்டுபோய்க் கொடுத்தார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் தட்டு வாங்கிய வீட்டிலிருந்து பயிற்சிக்கு வராத பெண் ஒருத்திகூட இல்லை. நாலு பேர் அறிய வாங்கிய தாம்பூலத்துக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியும். அந்த அணி தோற்றுத் தோற்று, பிறகு சமன் செய்து, பிறகு மெல்ல ஜெயிக்கக் கற்றுக்கொண்டது. சின்னப் பெண்கள் மறுபடியும் பெரியவர்களின் கூடவே ஓடினார்கள். சென்ற ஆண்டு ஊர் அணிகளுக்கான கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்ததும் அதற்குச் சற்று முன்புதான். சேலத்தில் வைத்தியம் பார்த்தோம். தெரிந்தபோதே முற்றியிருந்தது. வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னதும், என்ன அர்த்தம் என்று அக்கா கேட்கவில்லை. கூடத்தில் கட்டில் போட்டோம்.

அந்த நேரத்தில்தான் பவித்ராவுக்கு அரூர் பக்கத்திலிருந்து வரன் வந்தது. இந்த முறை உண்மையான மாப்பிள்ளை. அவள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள்; அப்பா கொடுத்த வாக்கின் காலமும் முடிந்திருந்தது. பெண் இனிமேல் ஆடக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் கோலில் நிற்கப் பழகிய சிறுமி இன்னும் தயாராகவில்லை. ஒருத்தி போனால் மற்ற வீடுகளிலும் பேச்சு தொடங்கும் என்று கவிதா பயந்தார். பழையபடி வெறும் இடமாகிவிடும் என்று அக்காவும் பயந்தார். இறுதி ஆட்டம்தான் பவித்ராவின் கடைசி ஆட்டம் என்று முடிவானது.

நான் போய் அவள் அப்பாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா. அவுரு சொன்ன வார்த்தயக் காப்பாத்திட்டாரு. அதுக்கு மேல கேட்டா நாம மரியாத இல்லாதவங்க ஆயிடுவோம்" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலியில்கூட அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் பெனால்டியில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல், முழங்காலில் மண்ணோடு அக்காவின் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். பவித்ராவின் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"தோத்துட்டீங்களா?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா."

"செரி, போவுது. அடுத்த வருஷம் யாரு யாரு இருப்பீங்க?"

நான் இருப்பேன், நான் இருப்பேன் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் கேட்கவில்லை. வாசலில் இருந்து குரல் வந்தது.

"அவளும் இருப்பாளுங்க. எப்பவும் ஆட்டம் முடியற நேரத்துக்குத்தான் வந்து கூட்டிட்டுப் போவனுங்க. இன்னிக்குத்தான் முழுசாப் பாத்தன். காலேஜ் முடிக்கட்டும்னு அரூர்க்காரங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தாங்க வர்றேன்."

அக்கா கையைக் கூப்ப முயன்றார், கை எழவில்லை. பவித்ரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அழுதார். எங்கள் அப்பா இறந்தபோதுகூட எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று எங்கள் முன்னால் மறைக்காமல் அழுதார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு டீயும் பன்னும் வாங்கி வரச் சொன்னார். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

அக்காவின் நோயின்போது காரைக் கொடுத்து உதவிய பங்காளிகளுக்கும், இரத்தம் கொடுத்த தம்பிமார்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், துக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். கவிதாவுக்கும் அணிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஆடிய அத்தனை பேரும் இந்த ஆண்டும் ஆடுகிறார்கள். கோப்பை யாருக்கு என்பது இன்னும் தெரியாது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சென்ற வாரம் முதல் ஆட்டம் நடந்த அன்று, பவித்ரா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போனாள். வரமாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியம் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலடா. உங்க அக்கா எங்க நின்னு பாப்பான்னு கேட்டன். அந்தப் புள்ள காட்டுச்சு. முடியற வரைக்கும் நானும் அங்கயே நின்னன்" என்றார். செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"அந்த மூலையில ஒரு பொட்டு நெழலு இல்ல. இந்த வெயில்லயாடா எம்பொண்ணு இத்தன வருசமும் நின்னா? ஒரு நாளு ஒரு கொடையக் கொண்டுபோயிக் குடுத்திருப்பனே" என்று சொல்லிவிட்டு, அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.