உயிரெழுத்தில் சிக்கிய குரல்

ஆயிஷா என்ற பெயரில்தான் முதன்முதலாகச் சிக்கினேன். ஏழாம் வகுப்பு வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது. குரல் மட்டும், யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல நெரிந்து, துண்டு துண்டாக வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு தடையுமில்லாமல் வந்தது.

அடுத்து அஸ்மா, இன்ஷிரா, உமைரா. எல்லாவற்றிலும் அதே இழுபறி. பாத்திமாவுக்கு வந்தபோது குரல் சரியாகிவிட்டது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வீடு தில்லையடியில். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும்போல மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அகதி முகாமுக்குப் பக்கத்திலிருந்த சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மொழிதான் பின்னாளில் எனக்கு அரசாங்க உத்தியோகம் வாங்கித் தந்தது. மதுரங்குளிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் பதினான்கு வருடங்களாக இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பித்துவந்தேன்.

இதே நோயோடு எங்கோ ஓர் ஊரில், தனக்கு என்ன வந்தது என்று தெரியாமல் இருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அதைச் சொல்ல ஆளிருக்கவில்லை. கைவைத்தியம் சொல்லத்தான் ஊரே இருந்தது.

மாமி இஞ்சியும் தேனும் தந்தார். என் மூத்த சகோதரர், நானா, ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு டீச்சர் சுடுதண்ணீரைத் தவிர எதையும் தொடாதே என்றார். இன்னொருவர் சுடுதண்ணீரால்தான் வந்ததென்றார். யாரையும் குறைசொல்ல முடியாது, எல்லாம் பாசத்தில் செய்தது. ஆனால் பாசத்தோடு வரும் எட்டாவது கோப்பையைக் குடிக்கும்போது, அதைச் சுவரில் எறிந்தால் என்ன என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை வைத்தியர் மூக்கின் வழியாகச் சின்னக் கமெராவை விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலியை உண்டாக்கும் இரண்டு மடிப்புகள்) சுத்தமாக இருக்கின்றன என்று சொல்லி, வயிற்று அமிலத்துக்கான மாத்திரை தந்தார். இரண்டாமவர் ஒரு மாதம் பேசாமலிருக்கச் சொன்னார். மூன்றாமவர் பேனையை மூடிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்டில ஏதும் பிரச்சினையா அம்மா?"

"பிரச்சினை தொண்டையில டொக்டர்," என்றேன். அதைச் சொல்லி முடிக்கவே எனக்கு அரை நிமிடம் பிடித்தது. மனப் பதற்றம் என்று அவர் எழுதினார். ஒன்றரை வருடம் அந்தச் சொல் என் கோப்போடு எல்லா இடத்துக்கும் வந்தது.

நான் மெல்லப் பேசினால் ஆட்களும் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். மீன்காரர், பஸ் கண்டக்டர், ஆசிரியர் அறையில் எல்லோரும். சிலருக்கு நான் செவிடென்று எண்ணம். காதுக்குள் வந்து கத்துவார்கள். என் காதில் ஒரு கோளாறும் இல்லை என்று விளக்கத்தான் எனக்குக் குரல் தேவைப்பட்டது.

பாடும்போது மட்டும் குரல் சிக்கவில்லை. அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அதன்பிறகு இலக்கணத்தைக்கூட மெட்டுப் போட்டுப் படிப்பித்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் குதூகலமாகச் சேர்ந்து பாடினார்கள். ஒருநாள் அதிபர் வாசலில் வந்து நின்றார். பாடம் முடியும்வரை நின்றுவிட்டு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், பாட்டெண்டா சத்தம் வருது. பாடமெண்டா வரல்லையா?"

"அது எனக்கும் விளங்கல்ல சேர்."

"எனக்கு விளங்குது. வேலை செய்ய விருப்பமில்லாட்டி இல்லண்டு நேர செல்லுங்க. நடிக்கத் தேவையில்ல."

அதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. 'அ' என்று வாயெடுத்தேன். அங்கேயே நின்றுவிட்டது. அவர் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்து, நின்றபடியே பதவி விலகல் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை.

என் கணவர் நிஸ்தார் முச்சக்கர வண்டி திருத்துபவர். கையில் எண்ணெயோடு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"லீவு போட்டுட்டியா?"

"இல்ல. விட்டுட்டன்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, சாப்பிட்டியா?" என்றார். நானாதான் வீட்டுக்கு வந்து கத்தினார். "அரசாங்க வேலய ஆராவது விடுவாங்களா? அகதியா வந்த சனம் நாங்க. அந்த ஒரு வேலைக்கு உம்மா எவ்வளவு துஆ கேட்டிருப்பா!"

அவர் சொன்னது பிழையென்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அதன்பிறகு எல்லோரும் எனக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அபாயா தை. கேக் அடி. கோழி வளர். மாமியின் சிநேகிதி ஒருத்தி, குரலில்லாத பெண்ணுக்கு வீடுதான் நல்லது என்றாள். நானா தன் புடவைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். வந்த பெண்கள் விலை கேட்டார்கள், நான் வாயைத் திறந்தேன், அவர்கள் கைச்சாடையில் பேசத் தொடங்கினார்கள். பதினேழாம் நாள் நானாவே, "நீ வீட்ட இரிம்மா," என்றார்.

வேலையை விட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்பில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். வயது முப்பதுகூட இராத சிங்களப் பெண். ஒரு வசனத்தைச் சொல்லச் சொன்னார். அதையே பாடச் சொன்னார். பிறகு இரகசியமாக, குசுகுசுவென்று சொல்லச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இது மனசில இல்ல," என்றார் சிங்களத்தில். குரல் இசிவு நோய் (பேசும்போது மட்டும் குரல்நாண்கள் தாமாகவே இறுகிக்கொள்வது, மூளையிலிருந்து வரும் கட்டளையில் உள்ள கோளாறு). பாட்டுக்கும் சிரிப்புக்கும் மூளை வேறு விதமாகக் கட்டளையிடுவதால் அங்கே பெரும்பாலும் குரல் சிக்காதாம்.

எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருப்பீர்கள். எரிச்சல்தான் வந்தது. அதிபர் கண்ட அதே வித்தியாசத்தைத்தான் இந்தப் பெண்ணும் கண்டார். அவருக்கு அது பொய்யின் அடையாளம், இவருக்கு நோயின் அடையாளம். இடையில் என் உத்தியோகம் போய்விட்டது.

சிகிச்சை ஓர் ஊசி. கழுத்தின் முன்பக்கத்தால் செலுத்தி, குரல்நாண் தசையைத் தளர்த்தும் மருந்தில் மிகக் கொஞ்சம் ஏற்றுவார்கள். முதல் இரண்டு கிழமை (வாரம்) காற்றுத்தான் வரும். தண்ணீர் குடித்தால் புரையேறும். பிறகு நல்ல குரல், ஏறத்தாழ இரண்டு மாதம். பிறகு மெல்ல இறுக்கம் திரும்பும். திரும்பவும் ஊசி.

முதல் ஊசிக்குப் பிறகு நல்ல குரல் வந்தபோது மீண்டும் வேலை கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனேன். பூரண சுகம் என்று வைத்தியரின் கடிதம் வேண்டுமென்றார்கள். வைத்தியர் இல்லையென்று தலையை அசைத்தார். சமாளிக்கலாம், பூரணம் என்று நான் எழுத ஏலாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, நல்ல குரல் இருந்தும் யாரோடும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பின்வீட்டு நூர்ஜஹான் ஒரு தாளோடு வந்தாள். அவளுடைய கணவரை நுரைச்சோலைப் பக்கம் ஒரு லொறி மோதிக் கால் முறிந்திருந்தது. பொலிஸில் அவள் தமிழில் சொன்ன வாக்குமூலத்தை, அன்று அங்கே நின்ற யாரோ ஒருவர் சிங்களத்தில் சொல்ல, அப்படியே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதன் பிரதிதான் அந்தத் தாள். நான் வாசித்துச் சொன்னேன். கணவர் திடீரென்று பாதையின் குறுக்கே ஓடினார் என்றிருந்தது.

"குறுக்கவா? ஓரத்தில நிண்டவரு டீச்சர்! நான் ஓரத்தில எண்டுதானே சென்ன!"

அவள் என்னைப் பார்த்து அழுதாள். நான்தான் பிழையாக வாசிக்கிறேனோ என்று திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அவளுடைய புருஷன் குறுக்கேதான் ஓடினார்.

அன்றே தமிழில் பெயர்த்து, அவள் உண்மையில் சொன்னதையும் தனியாக எழுதிக் கொடுத்தேன். சட்டத்தரணி அதைப் பார்த்துப் புதிய வாக்குமூலம் பதியவைத்தார். ஆனால் என் மொழிபெயர்ப்பை நீதிமன்றம் ஏற்காது, அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும் என்றார்.

"நீங்களே அந்தச் சோதினைய எடுங்களேன் டீச்சர்," என்றாள் நூர்ஜஹான். எத்தனையோ பேர் எனக்கு வழி சொன்னார்கள். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கேட்டவள் அவள் மட்டும்தான்.

படித்தேன், எழுதினேன், சித்தியடைந்தேன். கடைசியில் நீதிமன்றத்தில் வாய்விட்டு உறுதிமொழி சொல்லவேண்டும். நல்ல குரலுள்ள கிழமையில் திகதி கிடைத்தது. அது தள்ளிப்போனது. இரண்டாம் முறையும் தள்ளிப்போனது. மூன்றாம் திகதி, தொண்டை முற்றாக இறுகியிருந்த கிழமையில் வந்து நின்றது. வேறு திகதி கேட்கலாம் என்றார் நிஸ்தார். எனக்கு அலுத்துவிட்டது. போனேன்.

'ஆகிய நான்' என்பதில் முதல் தடவை நின்றேன். 'உண்மையாகவும்' என்பதில் இன்னும் நேரம். எழுதுவினைஞர் சத்தமாகச் சொல்லும்படி சிங்களத்தில் அதட்டினார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, பேனையைக் கீழே வைத்துக் காத்திருந்தார். மண்டபம் முழுக்க ஆட்கள். பாடியோ இரகசியமாகவோ சொல்லாமல், நெரிந்த குரலிலேயே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். 'உறுதியளிக்கிறேன்' வந்து முடிந்ததும் நீதிபதி கையெழுத்திட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். வெளியே வந்து நிஸ்தாரிடம் தேநீர் கேட்டேன்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு முத்திரை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள் (நிலப் பத்திரங்கள்), வாக்குமூலங்கள் வருகின்றன. பழைய வேலையை நான் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பாடசாலை விடும் நேரத்தில் வெள்ளை உடுப்புகள் வீதியில் வரும்போது இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எனக்கு இப்போது மாதக் கணக்கில்லை, ஊசியிலிருந்து கிழமைக் கணக்குத்தான். காற்றுக் கிழமைகளில் எழுத்து வேலை மட்டும். நல்ல கிழமைகளில் தொலைபேசி, கல்யாண வீடுகள், மகளோடு சண்டை. இறுக்கக் கிழமைகளில் சொல்லத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். முன்பு பதினான்கு வருடம் மணியடித்தால் எழும்பினேன். இப்போது என் கழுத்துக்குள் இருக்கிற விரல் அகலத் தசை எனக்கு நேரம் சொல்கிறது. அதோடு இன்னும் சமாதானமாகவில்லை. அது சொல்வதைக் கேட்கப் பழகிவிட்டேன்.

இது பன்னிரண்டாம் கிழமை, இறுக்கக் கிழமை. இன்று காலை கல்பிட்டியிலிருந்து ஒருவர் காணி உறுதியோடு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் தரமுடியுமா என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. வாயைத் திறந்தேன். அவர் கதிரை நுனியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லொறி கடந்து போனது. பிறகு, "ஓம்," என்றேன்.