இரண்டு கைக் கொழுந்து

படிவம் என்று ஒன்று கையில் வந்தால் எந்த இடத்தையும் காலியாக விட எனக்கு மனம் வராது. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கள் மாதர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதே அந்தப் பயத்தைப் பார்த்துத்தான்.

"பயந்தவ கையில பேனாவக் குடுத்தா ஒரு எழுத்து தவறாது" என்று சொல்லிப் பேனாவை என் கையில் திணித்தாள் தலைவி. தலைவி என்றால் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. பக்கத்து நிரையில் என்னோடு கொழுந்து பறிப்பவள்தான். வாய் மட்டும் ரெண்டு பேருக்குக் காணும்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம். மலையில் வேலை செய்யும்போது பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. தேயிலைச் செடிதான் மறைப்பு. அதற்குப் பயந்தே காலையில் தேத்தண்ணி குடிக்காமல் வருகிறவர்கள் இருந்தார்கள். ஹட்டனில் பெண்களுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பிலிருந்து மிஸ் ஒருவர் எங்களிடம் வந்து போவார். மலையிலேயே ஒரு கக்கூசும், இளைப்பாற ஒரு கொட்டிலும் கட்டித்தர உதவி எடுக்கலாம் என்று அவர்தான் படிவத்தைக் கொண்டுவந்து தந்தார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. 'இப்போது நீங்கள் ஒருவருக்கொருவர் எவ்வாறு உதவிக்கொள்கிறீர்கள்?' கீழே ஏழு கோடு.

ஏழையும் எதைப் போட்டு நிரப்புவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் உண்மையை எழுதினேன்.

எங்களுக்கு நாள் சம்பளம் 'பேர்' கணக்கில். சொன்ன கிலோ பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். லயத்து வரிசையில் என் காம்பராவுக்கு அடுத்த அறையில் இருந்தவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சரிவில் நாலு எட்டு ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். சாக்கு பாதிக்கு மேல் நிறையாது. அதனால் கண்டாக்கையா கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகிற வழியில், பெரிய பாறைத் திருப்பத்தில், ஆளுக்கு இரண்டு கைக் கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிட்டு நடப்போம். யாரும் யாரையும் போடச் சொன்னதில்லை. என் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். மழை வந்தால் படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வது மாதிரி, அது பாட்டுக்கு நடக்கிற காரியம்.

அதைப் பாறை உட்பட எழுதினேன். கடைசிக் கோடு மிச்சம் இருந்தது. 'இது கண்டாக்கையாவுக்குத் தெரியாது' என்று போட்டு அதையும் நிரப்பினேன்.

மிஸ் வந்து படிவத்தை வாங்கிக்கொண்டார். வேனில் ஏறும்போதுதான் சொன்னார்: "துரைக்கும் ஒரு கொப்பி அனுப்பணும். காணி தோட்டத்துடையதுதானே."

வேன் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனால் கண்டாக்கையாவிடம் வரும். கொழுந்து நிறுத்துப் பேர் எழுதுகிறவர் அவர்தான். அன்று முழுக்க எந்தச் செடியில் கை வைத்தேன் என்றே தெரியவில்லை. மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் தலைவியிடம் சொல்லிவிட்டேன்.

"அடி பாவி! பாறையையுமா எழுதுன?"

"எழுதிட்டேன்."

"எத்தன கைன்னும்?"

"ரெண்டு கைன்னு."

"நல்ல வேள. சோத்துக் கையா பீச்சாங்கையான்னு கேக்காம விட்டாங்களே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி சிரிக்கவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இனிமே எனக்குப் போட வேணாம். பிடிபட்டா ஒங்க எல்லாருக்கும்தானே கரச்சல். நான் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் பாறைத் திருப்பத்தில் அவள் நிற்காமல் நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கொப்பி போயிருக்குமோ, துரை வாசித்திருப்பாரோ என்று வழியெல்லாம் அதே நினைப்பு. ஒப்பீசில் மிஸ் என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டார். விஷயத்தைச் சொல்வதற்குள் அவரே படிவத்தை எடுத்து விரித்தார். என் ஏழு வரிக்கும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"இந்தப் போம்ல எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். இத முன்னுக்கு வச்சுத்தான் துரைக்கு லெட்டர் எழுதுறேன். இன்னைக்கு அனுப்பிருவேன்."

"அனுப்பாதீங்க மிஸ்."

"ஏன்? நீங்க செய்றது தப்பில்லையே. நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான் மிஸ். ஆனா இது எழுதுறதுக்கு முந்தி அந்தப் புள்ளைக்கு முழுப்பேர். நேத்து அரப்பேரு."

மிஸ் மஞ்சள் பேனாவை மூடி வைத்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். புதுப் பக்கம் ஒன்றையும் வைத்தார். அதே கேள்வி, அதே ஏழு கோடு. கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைப்போம் என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய் இல்லை. ஆனாலும் பேனா ஓடவில்லை. அப்படியே தள்ளி வைத்தேன்.

"காலியா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்களா மிஸ்?"

"அனுப்புற ஆளே நான்தானே. கையெழுத்த மட்டும் வைங்க."

கழற்றிய பக்கத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு பஸ் மாறியும் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்பில் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தங்கச்சி அதே மாதிரிப் பாறையைத் தாண்டி நடந்தாள். தலைவி பின்னாலிருந்து அவள் சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுடி. அந்தக் காயிதம் சாம்பலாப் போச்சு. வயித்துல இருக்கிறது என்ன ஒனக்கு மட்டும் புள்ளயா?"

எல்லோரும் இரண்டு கை போட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு, நான் மூன்று போட்டேன்.

தராசடியில் கண்டாக்கையா தங்கச்சியின் சாக்குக்குள் கையை விட்டுக் கொழுந்தைக் கிளறினார். அப்படி அவர் கிளறி நான் பார்த்ததில்லை. அவள் பறிப்பது பிஞ்சுக் கொழுந்து. மேலே கிடந்தது ஆளுக்கொரு மாதிரி.

"ஒரு கை பறிச்ச கொழுந்து மாதிரி இல்லையே" என்றார்.

நான் என் சாக்கின் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"இத்தன நாளும் சரியாத்தானே வந்துச்சு. முந்தாநாளும் நேத்தும் என்ன வந்துச்சு?"

"ஒடம்புக்கு முடியலீங்க ஐயா" என்றாள்.

"குறைய விடாம பாத்துக்கங்க" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். முழுப்பேர் எழுதினார்.

"அடுத்த ஆளு."

அடுத்த ஆள் நான்தான். என் சாக்கில் மூன்று கைக் கொழுந்து குறைந்திருந்தது. அவர் தராசு முள்ளை அதிக நேரம் பார்க்கவில்லை.