கதவுக்கு இரண்டு பக்கம்

அழகு நிலையம் நடத்துகிறவளை ஊரே பார்லரக்கா என்றுதான் கூப்பிடும். புருவத்தில் நூல் ஓடும்போது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்துவிடுவார்கள். போர்க்காலத்தில் போராளிகளின் சோதனைச் சாவடியில் தங்களுக்கு நடந்ததை மூன்று பேர் அப்படித்தான் அவளிடம் சொன்னார்கள். அவள் நூலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

கேட்டதை வெளியே விடாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். அதுதான் அவளை மாட்டிவிட்டது. சமாதானக் குழுவில் ஒரு பெண்ணாவது வேண்டும், அவள் கையெழுத்தில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று சர்வதேச அதிகாரிகள் விதி வைத்தபோது குழுத் தலைவர் யோசிக்கவே இல்லை. "பார்லரக்காவைப் போடுங்க. வாயில்லாப் பூச்சி."

வாயில்லாப் பூச்சிக்குச் சுவரோரம் இடம் கிடைத்தது. வெளியே வர வேண்டுமென்றால் நான்கு ஆண்கள் எழுந்து வழிவிட வேண்டும். அதற்குப் பயந்தே கூட்ட நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை.

கடைசிக் கூட்டத்தில் எழுத்தர் கடைசி விதியை வாசித்தார். இரு தரப்பும் எல்லாப் புகார்களையும் மன்னித்துவிடுகின்றன.

"எல்லாப் புகாரும்னா?" என்றாள்.

"எல்லாம்தாம்மா," என்றார் தலைவர். "வீடு எரிச்சது, மாடு புடிச்சது, எல்லாம்."

"பொம்பளைங்க சொல்றது?"

"அதுவும்தான். அவங்க மானத்துக்காகத்தானே சொல்றோம்? கிளறினா யாருக்கு நாத்தம்?"

இந்த மாதிரிக் குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்று குழுவுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் ஒரு வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த வகுப்பில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் தலைவருக்கு ஞாபகம்.

மேசைக்கு அந்தப் பக்கம், முன்னாள் போராளிகளின் பிரதிநிதியாக, அவள் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அவள் கையால் சாப்பிடுகிறவன், அவள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவன். சாவடியில் காவல் நின்றவனும் அவன்தான். மூன்று பெண்களும் அவன் பெயரைச் சொல்லவில்லை. "வாசல்ல நின்னவன்" என்றார்கள். யார் முகத்துக்காக அந்தப் பெயரை விழுங்கினார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாத்ரூம் போகணும்," என்றாள்.

நான்கு பேரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அவளுக்கு முன் பெண்கள் யாரும் வந்ததில்லை என்பதால் பெண்கள் கழிப்பறையில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இடுக்கில் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், கையை எடுத்தால் நழுவியது. இன்று கையெழுத்தாகாவிட்டால் காகிதம் மேலிடத்துக்குத் திரும்பிப் போகும். ஏன் என்று கேட்பார்கள். அவளையும் கேட்பார்கள்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அண்ணி."

"இங்கயாவது நிம்மதியா விடமாட்டீங்களா?"

"எல்லாரும் காத்திருக்காங்க. ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்." பிறகு குரல் தாழ்ந்தது. "நான் உள்ள போகல அண்ணி. வாசல்லதான் நின்னேன்."

"இப்பவும் அங்கதான் நிக்கிற."

வெளியே அவன் செருப்பு தரையில் உரசியது.

"உள்ள சத்தம் கேட்டுச்சா?"

கதவில் அவன் முதுகு சாய்ந்தது பலகை வழியே தெரிந்தது. இந்தப் பக்கம் நாற்காலிக் கால்கள் அவள் இடுப்பில் குத்தின. திறந்தால் அந்த மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது? திறக்காவிட்டால் வீட்டில் எப்படிக் கால் வைப்பது?

"ஆபீஸ் மூடணும்," என்று எழுத்தர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "இனிமே இன்னிக்கு ஆகாது. காகிதத்தை மேல அனுப்பிடறேன்."

ஒவ்வொருவராக இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கதவில் சாய்ந்த முதுகு மட்டும் நகரவில்லை. அவளும் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.